பக்கு எங்கே என்று தேடுங்கள்: உண்ணிக் காய்ச்சலுக்கு 24 வீட்டுக் குறிப்புகள்

ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் போதும், செஞ்சி மலைகள் பச்சை பிடித்துவிடும். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பாறை இடுக்கெல்லாம் புல் எழும்பும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல காலம். அதே நாட்களில்தான் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பதும் நடக்கும். வைரல், டைஃபாய்டு, டெங்கு என்று மூன்றில் ஒரு பெயரைச் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறோம். நாம் அதிகம் கேள்விப்படாத நான்காவது பெயர் ஒன்று உண்டு. மருத்துவர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். தமிழில் உண்ணிக் காய்ச்சல்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம், மலையடிவாரத்தில் புல் அறுத்து வந்த என் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. டைஃபாய்டு என்று சொல்லி ஒன்பது நாள் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பத்தாம் நாள் வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்ட மருமகள்தான் பாவாடை நாடா கட்டுமிடத்தில் மிளகளவு கறுப்புப் பக்கு ஒன்றைப் பார்த்தார். அதைக் காட்டியதும் மருத்துவர் மருந்தை மாற்றினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. "அது ரொம்ப நாளா இருக்குது. வலிக்கல, அதான் சொல்லல" என்றார் அத்தை. வலிக்காததால் சொல்லாமல் விடுபவர்கள் இனி யாரும் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள

1. பெயரில் உண்ணி இருந்தாலும் இதைப் பரப்புவது மாட்டு மடியில் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி அல்ல. மண்ணிலும் புதரிலும் வாழும் பொடி உண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால் கண்ணில் படாது. எலிகளின் மேல் ஒட்டி வாழும் இது, புல்லில் உட்காரும் மனிதர் மீதும் ஏறிவிடும். கடித்தது தெரியாது. அதன் எச்சில் வழியாக ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடம்புக்குள் போகிறது.

2. கடித்த அன்றே காய்ச்சல் வராது. ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். எனவே "நேத்து எங்க போன?" என்று மட்டும் யோசித்தால் விடை கிடைக்காது. கடந்த மூன்று வாரத்தில் களை எடுத்தது, விறகு பொறுக்கியது, ஆடு மேய்த்தது, செஞ்சிக் கோட்டைக்குப் போனது எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள்.

3. இது எங்கோ காட்டில் இருப்பவர்களுக்கு வருவது என்று எண்ண வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020 முதல் 2022 வரை வட தமிழகத்தின் 37 கிராமங்களில் 32,000க்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றியிருந்தது. பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. காய்ச்சலாக வந்தவர்களில் சிலருக்குத்தான் உயிருக்கே ஆபத்தானது. அந்தச் சிலரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். ஆவணி தொடங்கி மாசி வரை வரும் காய்ச்சலில் இந்தச் சந்தேகம் மனத்தில் இருக்கட்டும்.

காய்ச்சல் வந்ததும்

4. காய்ச்சலுக்குக் கணக்கு வையுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். காலை, மாலை, இரவு என மூன்று வேளை தெர்மாமீட்டர் காட்டும் அளவு, கொடுத்த மாத்திரையின் பெயர், சிறுநீர் எத்தனை தடவை போனது என்பது ஆகியவற்றைக் குறித்து அத்தனை தாளையும் ஒரு கிளிப்பில் போடுங்கள். கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைக்காத அவர்கள், பத்தாண்டில் 1,200 பேரைப் பறிகொடுத்ததாக அன்று பேசப்பட்டதை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். ஆரோக்கியமற்ற இடம் என்று ஊரின் மேல் பழி விழுந்தது. எந்த நோய் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று பிரித்துப் பார்க்க அன்று வழியில்லை. இன்று இருக்கிறது. அதற்கு உதவுவது நம் கையில் உள்ள இந்தத் தாள்தான்.

5. மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் உடம்பு முழுவதும் தேடுங்கள். உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில் உண்டாகும் பக்கு பெரும்பாலும் துணி இறுக்கும் இடத்திலும் தோல் மடியும் இடத்திலும் இருக்கும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, லுங்கி முடிச்சு, பிரா பட்டை இவற்றின் அடியில் பாருங்கள். அக்குள், மார்புக்குக் கீழ், தொப்புள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம், முழங்கால் மடிப்பின் பின்புறம் எதையும் விடக் கூடாது. நல்ல வெளிச்சத்தில், உரிமையுள்ளவர் ஒருவர் பார்த்துச் சொல்வதே சரி. தானாகப் பார்த்துக்கொள்பவருக்கு முதுகுப்பக்கம் தெரியாது.

6. பக்கு எப்படி இருக்கும்? பீடி நெருப்புப் பட்டு ஆறியது போல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். அரிக்காது, வலிக்காது, சீழ் வைக்காது. அக்குள், தொடை இடுக்கு போன்ற ஈரமான இடங்களில் கறுக்காமல் மஞ்சள் பூத்த சிறு புண்ணாகவும் இருக்கலாம். அருகில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பக்கை நகத்தால் பெயர்க்க வேண்டாம். மஞ்சளோ சுண்ணாம்போ பூசி மறைக்கவும் வேண்டாம். மருத்துவர் அதை அப்படியே பார்க்கட்டும்.

7. குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் தேடுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் மழைக்காலந்தோறும் குழந்தைகளைத் தாக்கிய மூளைக்காய்ச்சலுக்குப் பல ஆண்டுகள் காரணம் தெரியாமல் இருந்தது. பின்னாளில் அவற்றில் பெரும்பகுதி ஸ்க்ரப் டைஃபஸ்தான் என்று ஆய்வுகளில் தெரியவந்தது. விலை மலிவான ஒரு மருந்து முன்பே போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் அவர்களில் இருந்தார்கள்.

8. பக்கு கிடைக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் பக்கு இருப்பதில்லை. கடுமையான தலைவலி, உடம்பு முறிக்கும் வலி, வறட்டு இருமல், கண் சிவப்பு, குமட்டல் ஆகியவையும் இதன் முகங்கள்தான்.

9. காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கக்கூடியது பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் அளவோடு. உடம்பு வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் ஊசியோ புரூஃபென் மாத்திரையோ கேட்டு வாங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு கூடும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். போன வருடம் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடுவதும் தவறு. உடனே தெம்பு வர வேண்டும் என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசி காய்ச்சலை ஒரு நாள் மறைக்கும், நோய் உள்ளே வளரும்.

மருத்துவரிடம் போகும்போது

10. கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்ல வேண்டியவை ஐந்து: காய்ச்சல் எத்தனையாம் நாள், இதுவரை சாப்பிட்ட மருந்து, வயல் அல்லது புதருக்குப் போன விவரம், உடம்பில் பார்த்த பக்கு, பெண்களானால் கர்ப்பமாக இருக்கிறாரா என்பது. "டாக்டர், இது உண்ணிக் காய்ச்சலா இருக்குமான்னு ஒரு தடவை பாருங்க" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

11. விடால் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று நம்பிவிடாதீர்கள். முன்பு எப்போதோ வந்த தொற்று, போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல் ஆகியவற்றாலும் அது பாசிட்டிவ் காட்டும். டைஃபாய்டை உறுதி செய்யச் சரியான வழி, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுக்கும் பிளட் கல்ச்சர். உண்ணிக் காய்ச்சலை அதிகம் மறைக்கும் திரை இந்த விடால் ரிப்போர்ட்தான். என் அத்தைக்கும் அதுதான் நடந்தது.

12. பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று பயந்துவிடுகிறோம். உண்ணிக் காய்ச்சலிலும் எலிக் காய்ச்சலிலும் கூட அது குறையும். கல்லீரல் என்சைம் கூடினால் மஞ்சள் காமாலை என்றும், இருமல் இருந்தால் நிமோனியா என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். பிளேட்லெட் குறைவு, கல்லீரல் கோளாறு, இருமல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் இந்தக் காய்ச்சலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நோய் தணிந்தால் பிளேட்லெட் தானாக ஏறும். பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

13. இதற்கான ரத்தப் பரிசோதனையின் பெயர் ஐ.ஜி.எம். எலைசா. முதல் நான்கைந்து நாட்களில் எடுத்தால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். ஆகவே அறிகுறி பொருந்தினால் ரிப்போர்ட் வரும் முன்பே மருத்துவர் மருந்தைத் தொடங்கக்கூடும். அதைப் பார்த்து "டெஸ்ட் பார்க்காம மருந்து குடுக்கிறாங்களே" என்று சந்தேகப்படாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் காத்திருந்து காலம் கடத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

14. இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அதனால்தான் டைஃபாய்டுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, செஃபிக்ஸிம் மாத்திரை முதலியவை இதன் மேல் வேலை செய்வதில்லை. இவற்றைக் கொடுத்து மூன்று நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால், அதே ஊசியை இன்னும் பலமாகப் போடச் சொல்லாதீர்கள். இது வேறு காய்ச்சலாக இருக்குமா என்று கேளுங்கள்.

15. மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, வலிப்பு, கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல், நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். செஞ்சி அரசு மருத்துவமனையிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பினால், சாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டு நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். காலண்டர் தாள்கள், மருந்துச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை சாப்பிடும் முறை

16. இதற்கு நம்பகமான மருந்து டாக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, சுமார் ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நோய் முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. உலகம் முழுவதும் கவனித்த அந்த ஆய்வு நம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க மட்டும் வேண்டாம்.

17. டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். நோயாளி படுத்த படுக்கையாக இருந்தால் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள்.

18. பாலோடும் தயிரோடும் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான ஜெல் இவற்றுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் உச்சி வெயிலில் நின்றால் தோல் எரிந்து சிவக்கும், நிழலில் இருங்கள்.

19. சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அத்தை எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. ஆனால் அத்துடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். மூன்று நாளாகியும் இறங்காவிட்டால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். வேறு நோயோ, கூடவே இன்னொரு நோயோ இருக்கலாம்.

தேறி வரும் நாட்களில்

20. முதல் நாட்களில் நொய்க் கஞ்சி, இட்லி, பருப்பு ரசம் என்று சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுங்கள். பசி திரும்பியதும் முட்டை, பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ், கீரை என்று கூட்டுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இளநீர், பழச்சாறு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்துவதால் உடம்பு இன்னும் இளைக்கும்.

21. காய்ச்சல் விட்டாலும் அசதி சில வாரம் இருக்கும். வாசல் பெருக்குவதில் தொடங்கி, தெருமுனை வரை நடந்து, பிறகு வயலுக்குப் போகட்டும். "காய்ச்சல்தான் போச்சே, இன்னும் என்ன படுத்துக்கிட்டு?" என்ற பேச்சு வீட்டில் எழக் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டலாம், அது திரும்ப முளைக்கும். காதில் இரைச்சல், கேட்பது மங்குதல் இருந்தால் சும்மா விடாமல் காட்டுங்கள்.

22. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தட்டு, டம்ளர், பாய் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. தாய் குழந்தையைத் தள்ளி வைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. ஆகவே ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த காய்ச்சலில் முதலில் அவற்றைக் காட்டுங்கள்.

மறுபடி வராமல் இருக்க

23. புல்லில் வெறுமனே உட்காரவோ படுக்கவோ வேண்டாம், தார்ப்பாயோ தடித்த விரிப்போ போடுங்கள். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கும் மேல்மலையனூர் கோயிலில் அமாவாசைக்கு இரவு தங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கோட்டையைத் தேடி வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். புல் அறுக்கப் போகும்போது முழுக்கைச் சட்டை, கால் மூடும் உடை, செருப்புக்குப் பதில் ஷூ நல்லது. தெரியும் தோலில் பூச்சி விரட்டிக் களிம்பு தடவலாம். திரும்பியதும் திண்ணையில் உட்காராமல் நேரே குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டு, பீர்க்கை நாரால் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தேய்த்துக் குளியுங்கள். உண்ணிக் குஞ்சு ஊர்ந்து இடம் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்குள் கழுவி இறக்கிவிடலாம். கழற்றிய துணியை அன்றே வெந்நீரில் துவையுங்கள். துவைத்ததை வேலிப் புதரிலும் புல்லிலும் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். எலிக்கு இடம் கொடுக்காவிட்டால் இந்த உண்ணிக்கும் இடமில்லை.

24. கடைசியாக ஒன்று. இதை நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களிடமும், ஆடு மேய்க்கும் தாத்தாக்களிடமும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாக்களிடமும் வாயால் சொல்லுங்கள். அவர்கள்தான் புல்லில் அதிகம் உட்காருகிறவர்கள், உடம்பில் ஒன்று இருந்தால் வெட்கத்தில் சொல்லாமல் இருப்பவர்களும் அவர்கள்தான். என் அத்தை இப்போதும் புல் அறுக்கப் போகிறார். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்று கேட்டால் கஞ்சித் தூக்கோடு போய் நிற்கிறார். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, "இடுப்புக் கயித்த கொஞ்சம் தளத்து, பாக்கறேன்" என்கிறார்.